பாதிப் படத்துக்கு முழு விமர்சனம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இருமல் போய்விட்டது. நீ சொன்னபடி வெந்நீர்தான் குடிக்கிறேன், பாதி நாள். அத்தானுக்கு மாடிப்படி ஏறும்போது முழங்காலில் 'கடக்' என்று சத்தம் வந்ததே, இன்னும் வருகிறதா?

இந்த மாதப் படங்களை ஒப்படைக்கிறேன். முதலாவது 'எரிமலைக்கு எதிரி'. கதாநாயகன் ஒரு கிடங்குக்குள் நுழைகிறான். உள்ளே முரட்டு ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து அமுக்கினால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் பாவம், டாக்டரிடம் டோக்கன் வாங்கியவர்கள் மாதிரி முறை வரும்வரை காத்திருந்து, ஒவ்வொருவராக வந்து அடி வாங்கிக்கொண்டு போனார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு பத்திரிகைக்காரர் நர்ஸ் குரலில், "அடுத்தது யாருப்பா, உள்ள வா" என்று கூப்பிட்டார். எனக்குத் தெரிந்து அதுதான் படத்தில் நல்ல வசனம்.

அடுத்தது 'பூட்டிய அறையில் யாரோ'. பேய்ப் படம். பேய் தினமும் சமையலறையில் பாத்திரங்களை உருட்டுகிறது. கடைசியில் பார்த்தால் அது வீட்டுக்காரரின் முதல் மனைவி. அவர் மன்னிப்புக் கேட்டதும் புகையாகப் போய்விடுகிறாள். பயப்பட வேண்டிய இடத்தில் தியேட்டர் சிரித்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் யாரோ குறட்டை விட்டார்கள்.

'கூடத்தில் ஒரு நாற்காலி' நல்ல படம், அக்கா. அப்பா போன பிறகு அவருடைய நாற்காலி யாருக்கு என்று பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். மூத்த மருமகள் யாரும் உட்காராத அந்த நாற்காலியைத் தினமும் துடைத்து வைக்கிறாள். கடைசிக் காட்சியில் வீட்டில் யாரும் இல்லை. அவளே அதில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு டீ குடிக்கிறாள். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. பத்திரிகையில் வாயாரப் புகழ்ந்திருக்கிறேன். படத்தை ஒரு வாரத்தில் தியேட்டரிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

நீ தியேட்டர் பக்கமே போகாதவள் என்பதால் வழக்கம்போல் முடிவுவரை சொல்லிவிட்டேன். சினிமா பிடிக்காது, சினிமாக் கதை மட்டும் பிடிக்கும் என்று ஒரு பிறவியை நான் உன்னைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு. நீலச் சட்டையில் இரண்டாவது பட்டன் போய்விட்டது. பின் குத்திச் சமாளிக்கிறேன். நீ பக்கத்தில் இருந்தால் சட்டையைக் கழற்றக்கூட விடாமல் ஆளோடு சேர்த்துத் தைப்பாய். என்னை நீ திட்டியதெல்லாம் பட்டன் தைத்த நேரத்தில்தான். ஊசி தொண்டைக்குப் பக்கத்தில் இருக்கும்போது எவன் எதிர்த்துப் பேசுவான்?


ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். கடவுள் புண்ணியத்தில் இங்கே ஒரு குறையும் இல்லை. அத்தானின் முழங்கால் இன்னும் 'கடக்' என்கிறது. "வலிக்காத சத்தத்துக்கு எதுக்கு டாக்டரு?" என்று கேட்கிறார். பாதி நாள் வெந்நீர் என்று எழுதியிருக்கிறாய். மீதி நாள்?

பேய் பாத்திரத்தை உருட்டியதைப் பற்றி எழுதினாய். எடுத்து அடுக்கியது யார் என்று எழுதவில்லை. முதல் மனைவி வாங்கிய பாத்திரமாக இருக்கலாம், உருட்ட அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் இரண்டாம் மனைவிதானே காலையில் குனிந்து பொறுக்கியிருப்பாள்? வீட்டுக்காரர் அவளிடமும் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இதை நீ பத்திரிகையில் எழுதியிருக்கலாம்.

நாற்காலியில் மருமகள் உட்கார்ந்தாள் என்று படித்ததும் எனக்கே காலை நீட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. டீ சூடாக இருந்ததா, ஆறிப்போயிருந்ததா? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

இன்னொன்று. 'ஏழாவது மாடிக்கு வழி' என்று ஒரு புதுப் பையன் எடுத்த படம் வரப்போகிறதாமே. பேப்பரில் கடுகளவு விளம்பரம் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு உனக்கு மனசில் பட்டதை ஒளிக்காமல் எனக்கு எழுது. நல்லது இருந்தால் நல்லது, இல்லையென்றால் இல்லை. ஏன் என்று கேட்காதே. இந்த வயசில் ஆசைக்கெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பட்டனுக்குப் பின் குத்தாதே, துணி கிழியும். நீ ஒரு கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தால் உன் சட்டைக்கெல்லாம் நான் கவலைப்பட வேண்டியிருக்காது. ஊசி நூலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 20

கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பிஸ்கட்டிலேயே காலம் தள்ளாதே. போனில் பேசினால் நீயும் நானும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒருவர் சொன்னது ஒருவர் காதில் விழாது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீ கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிற டைரக்டர் பையனைப் பற்றி ஒரு வாரம் யோசித்தேன், பிரார்த்தனையும் செய்தேன். அப்பாவிடம் சொன்னதற்கு, "சினிமாக்காரனா? நமக்கு பால்கனியில சீட்டு தருவானா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. முடிவு என் தலையில்.

ஒருவர் செய்த வேலையைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். தையற்காரர் நல்லவரா என்று கேட்டால் நான் துணியின் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன். இந்தப் பையன் செய்திருப்பது ஒரு படம். அதை நான் போய்ப் பார்க்க முடியாது. மாமாவுக்கு அந்தப் பத்திரிகையில் வேலை கிடைத்தால் சினிமா பார்ப்பதையே விட்டுவிடுகிறேன் என்று அன்றைக்குக் கடவுளிடம் சொன்னேன். வேலை கிடைத்தது, நானும் விட்டுவிட்டேன். இது உனக்கு மட்டும்தான் தெரியும். மாமாவுக்குத் தெரிந்தால் வேலையை விட்டாலும் விட்டுவிடுவார்.

அதனால் மாமா பார்க்கட்டும். பையன் யார் என்று அவரிடம் மூச்சு விடாதே. தெரிந்தால் உனக்காக மனசு சாய்ந்துவிடும். தெரியாமல் அவர் சொல்வதைக் கடவுள் சொன்னதாக எடுத்துக்கொள்வேன். படத்தைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும், பையனை வீட்டுக்கு வரச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிட வேண்டும். சம்மதமா?

அன்புடன்,
அம்மா


ஜனவரி 29

அம்மா,

நான் நன்றாக இருந்தேன், உன் கடிதம் வரும்வரை.

மாமாவா? நல்ல வார்த்தையா? போன வருஷம் முழுக்க அவர் மனசாரப் பாராட்டியது ஒரே ஒரு படம். சினிமாக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தெரியுமா? 'அரம்'. எங்கள் டப்பிங் ஸ்டுடியோவில் அவர் விமர்சனம் வரும் நாளன்று யாரும் யாரிடமும், "படிச்சியா?" என்று கேட்பதில்லை. "எத்தனை தையல்?" என்றுதான் கேட்பார்கள். போயும் போயும் அவர் கையில் என்னைக் கொடுத்திருக்கிறாயே!

அவரிடம் (என்னவரைச் சொல்கிறேன்) அழுதுகொண்டே சொன்னேன். அவர் சிரித்தார். "உங்கம்மா நியாயமாத்தான் கேக்கறாங்க. மாமா என்ன எழுதினாலும் சரி. முழுசாப் பாத்துட்டு எழுதட்டும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அம்மா, அவர் பேசுகிற ஆள் இல்லை, கேட்கிற ஆள். படத்துக்குக் குரல் சேர்க்க எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தபோது நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். இன்றுவரை அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சம்மதம். வேறு வழி?

பிஸ்கட் தீர்ந்துவிட்டது.

உன்
கண்ணு


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மீதி நாளும் வெந்நீர்தான். உன் சந்தேகத்தை முதலில் தீர்க்கிறேன். டீ சூடாக இருந்தது. ஆவி பறந்ததைத் தனியாகக் காட்டினார்கள்.

நீ கேட்ட 'ஏழாவது மாடிக்கு வழி' வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதே என்றாய், கேட்கவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கான காட்சியில் பார்த்தேன். கதாநாயகன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஏழாவது மாடியில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதற்காக லிஃப்டை அவனே கெடுத்துவிட்டு, அவனே வந்து சரிசெய்கிறான். லிஃப்ட் நின்றபோதெல்லாம் படமும் நின்றது. ஒருநாள் இரண்டு பேரும் உள்ளே மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடுகிறார்கள். அந்த நேரத்தில் மற்ற மாடிக்காரர்கள் மூட்டை முடிச்சோடு படியேறுகிறார்கள். எனக்கு அவர்கள்மேல்தான் பரிதாபம் வந்தது. அத்தானின் முழங்காலை நினைத்துக்கொண்டேன். காமிரா எந்நேரமும் கூரையிலிருந்தே பார்க்கிறது, பல்லி எடுத்த படம் மாதிரி.

பையனுக்கு வேலை தெரியவில்லை, அக்கா. நீ ஆசையாகக் கேட்டாயே என்று ஒரு நல்ல வார்த்தைக்காகத் துழாவிப் பார்த்தேன், அகப்படவில்லை. 'ஏழாவது மாடிக்கு வழி தேடித் தரைத்தளத்திலேயே நின்றுவிட்ட படம்' என்று பத்திரிகையில் முடித்திருக்கிறேன். ஆசிரியர் படித்துவிட்டுக் கைதட்டினார்.

அதே மாலை அடுத்த தெருத் தியேட்டரில் 'கண்ணீரே காவல்'. அண்ணன் அழுகிறான், தங்கை அழுகிறாள், வக்கீல் அழுகிறார், நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். கடைசியில் அண்ணன்தான் குற்றவாளி என்று தெரிந்து தங்கையே சாட்சி சொல்கிறாள். அவன் சிறைக்குப் போகும்போது அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டு மறுபடி அழுகிறான். வெளியே வந்தபோது என் கைக்குட்டையும் ஈரமாக இருந்தது. வியர்வை என்று வைத்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 24

அம்மா,

பத்திரிகையைப் பார்த்திருப்பாய். உனக்கும் மாமா எழுதியிருப்பார். உன் நிபந்தனை உன் நிபந்தனைதான், நான் பேச்சு மாறவில்லை. ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமா வீட்டில் டீ குடிப்பேன் இல்லையா? போனேன். நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "லிஃப்டு படம் பாத்தியா?"

"இன்னும் இல்ல மாமா."

"பாக்காத. அந்த டைரக்டர் பையன் கையில காமிராவ யாரு கொடுத்தாங்கன்னே தெரியல. ஒரு ஏணியக் கொடுத்திருந்தா உருப்பட்டிருப்பான்."

நான் டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன். "அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா தெரியல. ஆகலைன்னா எந்தப் புண்ணியவதி வந்து மாட்டப் போறாளோ" என்றார். டீ எனக்குப் புரையேறியது. முதுகில் தட்டிவிட்டு, "மெதுவா, மெதுவா" என்றார். அவ்வளவு பிரியமான மனுஷர்மேல் கோபப்படக்கூட எனக்கு வரவில்லை.

என்னவரோ விமர்சனத்தைப் படித்துவிட்டு, "பல்லின்னு சொன்னது சரிதான்" என்கிறார்.

உன் முடிவை எழுது. ரொம்ப நாள் காக்க வைக்காதே.

கண்ணு


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம்.

'கண்ணீரே காவல்' தங்கை சாட்சி சொன்னதும் சரி, சாப்பாடு கொடுத்ததும் சரி. உன் வியர்வையையும் நம்புகிறேன்.

உன் லிஃப்ட் படக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். அதை எழுதி உறையில்கூடப் போட்டுவிட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் மனசு ஒப்பாமல் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். எதையோ விட்டிருக்கிறாயே என்று தோன்றியது. படிக்கப் படிக்கத்தான் பிடிபட்டது. எந்தப் படமானாலும் கடைசிக் காட்சிவரை சொல்கிறவன் நீ. ஆவி பறந்தது வரை சொல்கிறவன். இந்தப் படத்தில் மட்டும் இரண்டு பேரும் லிஃப்டுக்குள் பாடிக்கொண்டிருக்கிறார்கள், அதோடு விட்டுவிட்டாய். வெளியே வந்தார்களா இல்லையா? அந்தப் பெண்ணின் வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள்? அவன்தான் லிஃப்டைக் கெடுத்தான் என்று அவளுக்குத் தெரிந்ததா? கல்யாணம் நடந்ததா?

தம்பி, நீ முழுப் படமும் பார்த்தாயா?

அடுத்த தெருவில் வேறு படத்துக்கு நேரமாகிவிட்டதா?

என் வீட்டு வரவு செலவில் பக்கம் முடியாமல் நான் கீழே கோடு போடுவதில்லை. நீ பாதிப் பக்கத்தில் போட்டுவிட்டாய், அதுவும் அச்சில். கோபத்தில் சொல்லவில்லை. நீ எதைச் சொன்னாலும் நான் அப்படியே எடுத்துக்கொள்கிறவள் என்பதால் சொல்கிறேன். டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், உட்கார்ந்து, விளக்கு எரியும்வரை பார். பார்த்த பிறகும் அதேதான் என்று எழுதினால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்.

என் உறையை ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 24

அம்மா,

நலம். மாமாவிடமிருந்து உனக்கு இன்னும் பதில் வரவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நேற்றுப் போனபோது படங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார். இரண்டு பேருமே சொல்லாமல் குடித்தோம். திடீரென்று, "உங்கம்மா கடைசியா தியேட்டருக்குப் போயி எந்தப் படம் பாத்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "எனக்குத் தெரியும். நான்தான் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் அந்தப் படத்துப் பாட்டப் பாடிக்கிட்டே வந்தாங்க" என்றார். அப்புறம் எழுந்துபோய் ஜன்னல் பக்கமாக நின்றுகொண்டார்.

நான் எதையும் உளறவில்லை அம்மா. சத்தியமாக.

கண்ணு


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். உறையை இன்னும் ஒட்டவில்லை என்று நம்புகிறேன்.

நீ பிடித்தது சரி. இடைவேளையில் எழுந்து அடுத்த தெருவுக்கு ஓடினேன். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். அதைச் சொன்னால் நீ என்ன கேட்பாய் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள். உன் கடிதம் வந்த மறுநாளே டிக்கெட் எடுத்தேன். தியேட்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கொடுத்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்கதானே சார் பாக்காதீங்கன்னு எழுதினீங்க?" என்றார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

படம் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பாட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. முதல் பாதியை நான் திட்டியதில் ஒரு எழுத்தையும் திரும்ப வாங்கவில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் அந்தப் பெண்ணின் அம்மா வருகிறாள். அவள் வந்ததும் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த காமிரா கீழே இறங்கி, தரையில் சம்மணம் போட்டு அவள் எதிரே உட்கார்ந்துகொள்கிறது. அதை எடுத்தவனுக்கு வேலை தெரியும், அக்கா. நல்ல வார்த்தை கேட்டாய். இதுதான் அது. இதை உனக்காகச் சொல்லவில்லை.

கதையைச் சொல்லமாட்டேன். உனக்கு நான் சொல்லாத முதல் கதை இதுதான். நீயே போய்ப் பார். உனக்குச் சினிமா பிடிக்காது என்று இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன், முட்டாள். போ அக்கா. அதனால் உனக்கும் கடவுளுக்கும் நடுவில் ஏதாவது பாக்கி வந்தால் அதை என் பெயரில் எழுதச் சொல். நான் பேசிக்கொள்கிறேன். என் பங்குக்கு நானும் ஒன்றை விட்டுவிட்டேன். இனி எந்தப் படத்திலும், அது எரிமலைக்கு எதிரியாகவே இருந்தாலும், இடைவேளையில் எழுந்து போகமாட்டேன்.

இந்த வாரப் பத்திரிகையில் 'பாதிப் படத்துக்கு முழு விமர்சனம் எழுதினேன்' என்று தொடங்கி மீதிப் பாதியை எழுதியிருக்கிறேன். ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இத வெளிய சொல்லணுமாய்யா? அப்புறம் நம்ம எல்லாரையும் முழுசாப் பாக்கச் சொல்லுவாங்களே!" என்றார்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. நீயும் கேட்காதே. உன் பெண்ணிடம் சொல், அடுத்த ஞாயிறு டீக்கு இரண்டு பேராகவும் வரலாம் என்று.

உன் தம்பி


ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். சுகம். பார்த்துவிட்டேன்.

படம் எங்கள் ஊருக்கு இப்போதுதான் வந்தது. போவதற்கு முன்னால் நெடுநேரம் பிரார்த்தனை செய்தேன். "கடவுளே, நான் விட்டது வேடிக்கை பார்ப்பதை. இது வேடிக்கை இல்லை, விசாரணை" என்று சொன்னேன். அவர் ஆட்சேபித்த மாதிரி தெரியவில்லை. அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் எனக்கு முன்னால் நின்றார். பால்கனிதான் வேண்டும் என்று பிடிவாதம். அங்கே போகிற படியில் கடக் கடக் என்று அவர் முழங்கால் சத்தம் போட்டதில் டிக்கெட் கிழிப்பவர் திரும்பிப் பார்த்தார்.

முதல் பாதியில் நீ சொன்ன பல்லிக் காமிராவால் கழுத்து வலித்தது. இடைவேளை முடிந்து அந்த அம்மா வந்தாள். அந்தப் பையன் அவளிடம் பெண் கேட்டு வருகிறான். "இப்படி உக்காரு. பட்டன் ஆடுது" என்று சொல்லி, சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஊசியைக் கோர்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அத்தான் பால்கனி அதிர, "அடியே, உன்னைய மாதிரியே இருக்காளே!" என்றார். முன்வரிசைக்காரர்கள் என்னை எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெள்ளைச் சட்டைக்குச் சிவப்பு நூல் போட்டுத் தைக்கிறாள்! நான் என்றைக்காவது அப்படிச் செய்திருக்கிறேனா? நீயே சொல்.

அப்புறம் அந்த ரேடியோ. அவளுடைய தம்பிக்கு ரேடியோவில் வேலை. அவன் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் அவள் ஜன்னலைச் சாத்துகிறாள். அக்காவுக்குத் தன் குரலே பிடிக்காது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அவள் எதை விட்டாள் என்பது அவனுக்குத் தெரியாது.

தியேட்டரில் குளிர் அதிகம். மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தேன். அத்தானுக்கும் குளிர்தான்.

நீ மூன்று வாரம் எழுதாததற்கு இனி நான் காரணம் கேட்கப்போவதில்லை. படம் எடுத்த பையன் யார் என்று நானும் சொல்லப்போவதில்லை. டீக்கு வந்தபோது நீயே பார்த்திருப்பாய். கேள்விப்பட்டேன், "ஏணி வேணுமா தம்பி?" என்று கேட்டாயாமே. வெட்கமாக இல்லை?

பாக்கியை உன் பெயரில் எழுதச் சொன்னாய். முடியாது. படத்தில் சில இடங்களில் சிரித்துவிட்டேன். அது விசாரணையில் சேராது. அதை நானே கடவுளிடம் பேசித் தீர்த்துக்கொள்கிறேன். நீ கதைகளை எழுதுவதை மட்டும் நிறுத்தாதே. தியேட்டரில் ஆவி பறக்கிறதைக் கவனிக்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

ஒட்டாத உறையை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 15

டைரக்டர் தம்பிக்கு,

நீங்கள் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். நான் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழாவது மாடியில் என்னைத்தான் நடமாட விட்டிருக்கிறீர்கள்.

உங்கள் படத்தில் பாட்டு நீளம். காமிராவைக் கூரையில் வைக்க வேண்டாம் என்று என் தம்பி சொல்கிறார், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வெள்ளைச் சட்டைக்கு வெள்ளை நூல். இதையெல்லாம் அடுத்த படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடமும் சொல்லாதே என்று நான் சொன்ன ஒன்றை என் பெண் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவளுக்குத் தனியாக இருக்கிறது. ஆனால் ஒன்று. அவள் பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள். நான் பாதிக்கு மேல் கேட்டதே இல்லை, அடுப்பில் எப்போதும் ஏதாவது இருக்கும். நான் திட்டியதை மட்டும்தான் அவள் நினைவு வைத்திருப்பாள் என்று எண்ணியிருந்தேன். திட்டும்போது என் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் அவள் பார்த்துவைத்திருக்கிறாள். பல்லால் நூலைக் கடித்த பிறகு சட்டையை ஒருமுறை நீவி விடுவேனாம். எனக்கே தெரியாது. அதை அவள் உங்களிடம் சொன்னாள், நீங்கள் கடைசிவரை இருந்து கேட்டிருக்கிறீர்கள்.

நான் கேட்டது ஒரு நல்ல வார்த்தை. கிடைத்துவிட்டது. என் பேச்சை நான் மாற்றுவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். என் தம்பியும் வருகிறார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, கெடுக்கவும் வழியில்லை, படியேறித்தான் வர வேண்டும். பால்கனி டிக்கெட்டைப் பற்றி அப்பா ஏதாவது கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

வரும்போது பட்டனையெல்லாம் இறுக்கித் தைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒன்றாவது ஆடிக்கொண்டிருக்கட்டும். எனக்குக் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

வெள்ளை நூலோடு காத்திருக்கும்,
அம்மா